ஆவணம் கேட்ட டீச்சர்

பாடம் முடிந்ததும் இந்த ஊர்ப் பிள்ளைகள் எழுந்து நின்று ஒரே குரலில் "தெரிமா காசே, சிக்கு" என்கிறார்கள். நன்றி டீச்சர் என்று பொருள். திருநெல்வேலியில் மணியடித்தால் என் வகுப்பு மொத்தமும் வாசலுக்கு ஓடும். நன்றி சொல்ல எங்களுக்குத் தோன்றியதே இல்லை. மலேசியாவில், கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்த முதல் வாரம், கிண்டல் செய்கிறார்களோ என்றுகூட நினைத்தேன்.

நான் எம்.ஏ. வரலாறு. "செத்துப்போன ராஜாக்களப் படிச்சு யாருக்குச் சோறு போடப் போற?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கணவரின் வேலைக்காகப் பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்து இரண்டு வருடம் சும்மா இருந்தேன். இங்கே எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதிப் பரீட்சையில் வரலாறு தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. மலாய் படித்தேன், வேலை அனுமதி கிடைத்தது, செத்த ராஜாக்கள் எனக்குச் சோறு போட்டார்கள். அப்பாவிடம் போனில் இதைக் கொஞ்சம் திமிராகவே சொன்னேன்.

என் வகுப்பில் ரூபிணி என்றொரு பெண். பதினாறு வயது, வரலாற்றில் எப்போதும் முதல் மதிப்பெண். ஒருநாள், "டீச்சர், ஹிஸ்டரி படிச்சா டீச்சர் ஆவலாமா?" என்று கேட்டாள்.

"என்னைப் பாரு, தாராளமா ஆகலாம்" என்றேன். அவளுடைய பெரிய சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

ஆவணம் இல்லாமல் வரலாறு இல்லை என்று எழுதித்தான் நான் கல்லூரியில் மதிப்பெண் வாங்கினேன். அதே நினைப்பில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலுள்ள பழைய ஆவணம் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து, அதை வைத்துக் குடும்பக் கதை எழுத வேண்டும். எல்லோரும் கொண்டுவந்தார்கள். ரூபிணி மட்டும் மூன்று வாரமாக வெறுங்கையோடு வந்தாள்.

"வீட்ல ஒன்னும் இல்ல டீச்சர்."

"பிறப்புச் சான்றிதழ்கூடவா இல்ல? சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?" என்று எல்லோர் முன்பும் கத்தினேன். ஊரைவிட்டு வந்த நாளிலிருந்து எல்லாச் சான்றிதழையும் ஒரே பிளாஸ்டிக் கோப்பில் போட்டுக் கட்டிக்காக்கிறவள் நான். அது இல்லாத மனிதர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றும் பாடம் முடிந்ததும் அவள் எல்லோரோடும் எழுந்து நின்று நன்றி சொன்னாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அவள் அம்மா வந்தார்.

"அவளுக்கு பர்த் சர்ட்டு இல்ல டீச்சர். எனக்கே ஐசி இல்ல, அடையாள அட்டையே இல்ல. எஸ்டேட்ல வீட்லயே பொறந்தேன், யாரும் பதியல. எங்க கல்யாணமும் கோயில்ல மட்டும்தான், அதையும் பதியல. இவளுக்காக ஆபீஸ் ஆபீஸா நடந்தாச்சு. பரீட்ச எழுத விடுவாங்களான்னே தெரியல."

"நான் திட்டினது தப்புக்கா. அவள வரச் சொல்லுங்க."

"வர மாட்டா டீச்சர். கோவம் இல்ல லா. வெக்கம்."

போகும்போது நான்காக மடித்த ஒரு தாளைத் தந்தார். அம்மா வாயால் சொன்ன கதையை ரூபிணி மலாயில் எழுதியிருந்தாள். அம்மா பிறந்த எஸ்டேட், தொழிலாளர்கள் குடியிருந்து இடிந்துபோன லயம், இப்போது அங்கே நிற்கும் வீடுகள். கடைசி வரி, தெரிமா காசே சிக்கு. எனக்கு அழுகை வந்தது. நாலைந்து வருடத்துக்கு முன் விமானத்தில் வந்திறங்கிய எனக்கு ஒரு கோப்பு நிறையக் காகிதம். இங்கேயே பிறந்தவளுக்கு இந்த ஒரு தாள். அதையும் என் கோப்பிலேயே வைத்தேன்.

போன மாதம் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகம் போனேன். அதிகாரி கோப்பைப் புரட்டி, என் பட்டத்துக்கு அடியிலிருந்த அந்தத் தாளை எடுத்தார்.

"அனாக் புவான்?" உங்கள் மகளா என்று கேட்கிறார்.

"மூரிட் சாயா" என்றேன். என் மாணவி.

"தக் பெர்லு." தேவையில்லை என்று சிரித்தபடியே சொல்லித் தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். நல்ல மனிதர்தான். பிறகு எனக்கு இன்னும் இரண்டு வருடம் இந்த நாட்டில் இருக்க அனுமதி தந்தார்.

"தெரிமா காசே" என்றேன். வெளியே வந்து பாஸ்போர்ட்டைக் கோப்புக்குள் வைத்தேன். ரூபிணியின் தாளை உள்ளே வைக்க மனம் வரவில்லை. வீடு வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.