நேராக்கிய ஸ்டியரிங்

என் அண்ணி வண்டி ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் வாய் பிளந்துவிடும். மலைமேல் இருக்கும் எங்கள் குடியிருப்பிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் அவர் தொழில். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மற்ற டிரைவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டுக் கழன்றுகொள்வார்கள். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அண்ணியை நம்பித்தான் உயிரோடு இருந்தார். மிகையாகச் சொல்லவில்லை. ஒருமுறை போகாவிட்டால் அவருக்கு உடம்பு ஊதி, மூச்சு முட்டும். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டி படுத்துவிட்டதால் அண்ணி செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்யூவி வாங்கினார். கொஞ்ச நாளிலேயே மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. வண்டி வழுக்கினால் தானாகவே ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடித்து நம்மைக் காப்பாற்றுகிற அமைப்பு ஒன்று அதில் உண்டு, அதில் கோளாறாம். விளக்கு எரிந்துவிட்டால் அந்த அமைப்பு வேலையை நிறுத்திக்கொள்ளும். எரிவதற்கு முன்னால்தான் வினை. ஒரு நாள் இடப்பக்க வளைவில், காய்ந்த ரோட்டில், தானாகவே ஒரு சக்கரம் பிரேக் பிடித்து வண்டியைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. நல்லவேளை, வண்டியில் அண்ணி மட்டும்தான் இருந்தார்.

"என்னன்னு தெரியுற வரைக்கும் இதுல யாரையும் ஏத்த மாட்டேன்" என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டார். வாத்தியாருக்கு அடுத்த டயாலிசிஸ் நெருங்கிக்கொண்டிருந்தது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்து சென்சார்களைத் துடைத்து, ஒன்றை மாற்றியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு மறுபடி பல்லைக் காட்டியது. இரண்டாவது இடத்து மெக்கானிக், "அந்த பல்பைக் கழட்டி விட்டுடவா அக்கா?" என்று கேட்டான்.

"உனக்குக் காய்ச்சல் வந்தா தெர்மாமீட்டரை உடைச்சிடுவியா?" என்று கேட்டுவிட்டு அண்ணி வண்டியைத் திருப்பினார்.

வழியில் அவர் ஒன்றைக் கவனித்தார். கிளப்பும்போது விளக்கு எரிவதில்லை. கொஞ்ச தூரம் நேராக ஓடிய பிறகுதான் எரிகிறது. "அப்ப நிறுத்தி வச்சுப் பாத்தா எப்படித் தம்பி தெரியும்? ஓடும்போதுல்ல பாக்கணும்" என்றார் என்னிடம். ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை, வண்டியின் சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காரவைத்து, என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, சமதளத்து ரோட்டில் ஓட்டினார்.

அந்தச் சின்னத் திரையைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நான்கு சக்கரங்களின் வேகம் தனித்தனியாக ஓடியது. சீட்டுக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, வண்டியின் உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணி ஸ்டியரிங்கில் விரலை அசைத்தாலே எண் அசைந்தது. இத்தனை நாள் இதன்மேல் உட்கார்ந்துகொண்டு ஊர்க்கதை பேசியிருக்கிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"நேராத்தானே போறீங்க அக்கா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ரோடே நேராத்தானே இருக்கு!"

"சக்கரமும் நேருங்குது, பெட்டியும் நேருங்குது. ஸ்டியரிங் சென்சார் மட்டும் வலப்பக்கம் திருப்பியிருக்கீங்கன்னு அடிச்சுச் சொல்லுது. இதை யாராச்சும் கழட்டினாங்களா?"

"யாரும் தொடவேயில்லையே" என்றார் அண்ணி.

வீட்டில் இதைச் சொன்னதும் என் அண்ணனின் தையல் மிஷின் நின்றது. அண்ணன் டெய்லர். கோணல் என்றால் அவருக்கு ஆகாது. போகிற வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் அதை நிமிர்த்திவிட்டுத்தான் வணக்கமே சொல்வார்.

"வாங்கினப்ப ஸ்டியரிங் ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு" என்றார் மெதுவாக. "நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, பேட்டரியைக் கழட்டிட்டு, ஸ்டியரிங்கை உருவி நேரா மாட்டினேன். நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேன்னு..."

வண்டி நேராக ஓடும்போது ஸ்டியரிங் சாய்ந்து நின்றது உண்மைதான். ஆனால் சென்சார் அந்தச் சாய்வையே நேர் என்று பழகியிருந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைத் திருப்பி மாட்டியபோது சென்சாரும் கூடத் திரும்பிவிட்டது; அதனால் நேராக ஓடினாலும் வலப்பக்கம் திருப்பியதாகவே எண்ணிக்கொண்டது. அண்ணி திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே சக்கரங்களை அலைன்மெண்ட் செய்து, ஸ்டியரிங்கை முறைப்படி மாட்டி, ஸ்கேனரில் சென்சாருக்கு எது நேர் என்று புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

வாத்தியாரை ஏற்றுவதற்கு முன்னால் அண்ணி தனியாகவே மலையை ஒருமுறை ஏறி இறங்கிவிட்டு வந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முன்சீட்டில் அண்ணன், பின்னால் வாத்தியாரோடு நான். அதே வளைவில், மேலிருந்து மண் கரைந்து ரோடெல்லாம் சேறாகக் கிடந்தது. வண்டியின் பின்புறம் பள்ளத்துப் பக்கமாக நழுவியது. அடியில் டகடகவென்று ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னி அணைந்தது; இந்தமுறை கோளாறால் அல்ல, அந்த அமைப்பு வேலை செய்ததற்கு அடையாளமாக. நழுவிய வண்டி, தோளைப் பிடித்து யாரோ திருப்பியதுபோல் ரோட்டுக்கு வந்துவிட்டது. அண்ணி அடுத்த வளைவுக்கு ஸ்டியரிங்கைத் திருப்பினார். வாத்தியார் தூங்கிக்கொண்டேயிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் அவர் கண் விழித்தார். "வந்தாச்சாம்மா?"

"வந்தாச்சு சார்" என்று அண்ணி இறங்கிப்போய் வீல்சேரை உருட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணன் மட்டும் அசையவில்லை. முகமெல்லாம் கண்ணீர். "நான் கைவச்சது தெரியாமலே அந்த வளைவுல நீ இவரை ஏத்திக்கிட்டுப் போயிருந்தா..." என்றார்.

அண்ணி அவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். "இறங்குங்க. சேரை ஒருத்தர் அசையாம புடிச்சாத்தான் நான் சாரைத் தூக்க முடியும்."