தஞ்சாவூர்க்காரி

எனக்குத் தஞ்சாவூர்மேல் பைத்தியம் பிடித்ததே சித்தி மகளால்தான். சித்தியை அங்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். லீவுக்கு, கேரள எல்லையில் பாறசாலையை ஒட்டிய கொல்லயில் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், என் வயசுக்காரியான அவள் "எங்க கோயில், எங்க நந்தி" என்று அளப்பாள். கோயில் கட்டின ராஜா என்னவோ அவளுக்குத் தாய்மாமன் மாதிரி! போதாததற்குச் சித்தப்பாவுக்குத் துபாயில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர் வந்து போனால் அவள் கையில் புது வாட்ச், ஸ்கெட்ச் பேனா. எனக்கு வயிறு எரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், ஐந்தாம் வகுப்பு முடிந்த லீவில், ஒருவழியாக அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

கோபுர வாசல் தாண்டியதும் நின்றுவிட்டேன். எங்கள் பக்கம் தென்னை மறைக்காமல் எதையும் முழுசாகப் பார்க்க முடியாது. இங்கே அடியிலிருந்து உச்சிவரை ஒரே பார்வையில் கோயில், பின்னால் வெறும் வானம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்தியும் இல்லை, சந்தோஷமும் இல்லை. இத்தனையும் இவளுக்கா என்ற ஆத்திரம்.

"பாத்தியா, சொன்னேன்ல?" என்றாள் அவள்.

அதற்குள் அப்பா ஒரு காரியம் செய்தார். சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாது, அந்தப் பழக்கம். இங்கேயோ எல்லாரும் சட்டை போட்டுக்கொண்டுதான் போனார்கள். அப்பா மட்டும் வெறும் தொப்பையோடு.

"ஏன் பெரியப்பா, வேர்க்குதா?"

"சாமிக்க முன்னாடி சட்டை எதுக்கு மக்கா? எங்க ஊருல இப்படியாக்கும்."

எனக்கு மானமே போயிற்று. யாரோ எவரோ என்று தள்ளி நடந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், அப்பாவின் இடுப்பிலிருந்து தொங்கிய சட்டைக்கையை அவள் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்! ஊர்த் திருவிழாவில் கூட்டத்தில் தொலையாமலிருக்க நான் பிடித்துக்கொள்வது அது.

"விடுட்டீ, அது எனக்க அப்பா!" என்று பாய்ந்தேன்.

அவள் விடவில்லை.

"சட்டைக்கு ரெண்டு கை உண்டுல்லா? ஆளுக்கொண்ணு பிடிங்க மக்கா," என்றார் அப்பா.

பங்கு யாருக்கு வேண்டும்? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் நந்தியும் தெரியவில்லை, கோபுரமும் தெரியவில்லை. அந்தச் சட்டைக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை கொதித்தது. அவள் சொகுசாக அப்பாவின் நிழலில் நடந்தபடி ஓயாமல் கேட்டாள். பெரியப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க, தினமும் வருவீங்களா, ராத்திரி எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவீங்களா? கேட்கிற கேள்வியைப் பார், மண்டு! ஒவ்வொன்றுக்கும் அப்பா நின்று பதில் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவின் கையை விடாமல் அழுதாள்.

"நானும் உங்க ஊருக்கே வந்துடட்டா பெரியப்பா?"

அப்பா அவள் தலையைத் தடவினார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ் நகர்ந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவ்வளவு பெரிய கோயிலை வைத்துக்கொண்டு கொல்லயிலுக்கு ஏங்குகிறாளே! தஞ்சாவூரை எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது என்ற நினைப்பில், அப்பாவின் மடியில் தலை வைத்து நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.