நேற்றைய சாவி போட்ட செட்

அந்த ராணுவப் பட்டறையில் அவளுக்கு 'டெஸ்டக்கா' என்று பேர். சும்மா ஒன்றும் வைக்கவில்லை, எதையும் டெஸ்ட் பண்ணாமல் விடமாட்டாள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற ரகம் அவள். வெளியே போகும் ஒவ்வொரு வயர்லெஸ் செட்டிலும் அன்றைய ரகசியச் சாவியை ஏற்றுவது அவள் வேலை. இரும்புச் சாவி இல்லை, எண்களின் கோர்வை. இரண்டு செட்டிலும் ஒரே சாவி இருந்தால்தான் பேச்சு கேட்கும். இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்.

பதினெட்டு வருஷத்தில் ஒரு பிசகு கிடையாது. அன்றைக்கு வந்து தொலைந்தது. ரோந்துக் குழுவின் செட்டைச் சுமக்கிறவன் அவள் தம்பி. "அக்கா, சீக்கிரம் குடுக்கா, கேப்டன் கத்துறாரு" என்று காலையிலேயே வந்து பறந்தான். அவள் பக்கத்துச் செட்டை எடுத்துப் பேசிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. "பத்திரமா போயிட்டு வா" என்று கொடுத்துவிட்டாள். இரண்டுக்குமே இன்னும் சாவி மாற்றவில்லை. இரண்டிலும் நேற்றையது இருந்தால் கணீரென்று கேட்காமல் என்ன செய்யும்? அது அந்த நேரத்துக்குத் தோன்ற வேண்டாமா!

பதினோரு மணிக்கு மாடியிலிருந்த கட்டுப்பாட்டு அறையில் ஒரே களேபரம். ரோந்து போகும் பாலத்தில் வெடி வைத்திருக்கிறார்களாம். குழுவைக் கூப்பிட்டால் இரைச்சல்தான் வருகிறது. எழுத்தில் அனுப்பிய செய்தியும் போய்ச் சேரவில்லை. மறைக்காமல் பேசினால் எதிராளிக்கும் கேட்டுவிடும். பழைய சாவியோ, விதிப்படி காலையிலேயே எல்லாச் செட்டிலும் அழித்தாகிவிட்டது.

சேதி கீழே பட்டறைக்கு வந்ததுமே காலையில் செய்த பிசகு அவளுக்குப் புரிந்துபோயிற்று. இங்கே ஒன்றில் மட்டும் அது அழியவில்லை. காலையில் பேசிப் பார்த்த அந்தப் பக்கத்துச் செட், அவள் மேசைமேல் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டு அதையும் அழித்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அடி பாவி, போயிருக்கிறது உன் தம்பியடி! செட்டை வாரியெடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

"என் தப்பு சார். அவங்க செட்டுல பழைய சாவிதான் இருக்கு, இதுலயும் அதேதான். இதுல பேசுங்க."

அதிகாரி முறைத்தார். ஏரியலில் மாட்டிப் பேசினார். "பாலத்துல ஏறாதீங்க. அங்கயே நில்லுங்க."

பதில் வரும்வரை அவளுக்கு உயிரே இல்லை. பிறகு தம்பியின் குரல். "நின்னுட்டோம் சார்."

வேலை போகவில்லை. சாவிப் பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் போட அனுப்பினார்கள். நடந்ததை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாதென்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த தம்பி பொருமித் தள்ளினான். "மேல எவனோ சொதப்பிட்டு உன் தலையில கட்டிட்டாங்கக்கா. எங்கக்கா குடுத்த செட்டுல தப்பு வராதுன்னு அடிச்சுச் சொன்னேன். ஒருத்தன் சிரிச்சான், சட்டையைப் பிடிச்சுட்டேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். போட்டுக் கொடுத்த கையெழுத்து ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"போதும்க்கா" என்றான்.

காதில் விழாத மாதிரி இன்னொன்றும் வைத்தாள்.