பென்சிலில் எழுதிய பெயர்

“ரொம்பத் தொந்தரவு இல்லைன்னா, உங்க டாய்லெட்டுக்கு ஒரு நிமிஷம் போயிட்டு வரலாமா?” என்று கேட்டபடியே யோரிட் மிதியடியில் காலணியைத் தேய்க்கிறார். மழையில் பதினோரு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்த ஐம்பத்து மூன்று வயதுக்காரரிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஸ்வோல நகரத்தில் எந்த வரவேற்பாளருக்கும் மனம் வராது. உள்ளே போனால் திரும்ப எட்டு நிமிடமாகும். கண்ணாடிக் கடை அம்மாள் ஒருவர் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டார்.

“பாவம், டாக்டரைப் பாத்தீங்களா?”

“வயசாச்சுல்ல” என்றார் யோரிட், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனிதர் உள்ளே படித்துக்கொண்டிருந்தார். வீடானாலும் பட்டறையானாலும் இங்கே கழிப்பறைச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும். சின்னக் கம்பெனிகளில் முதலாளியின் மாமியார் பிறந்தநாளுக்குக் கீழேயே தீயணைப்புக் கருவி சோதனை, ஃபோன் ஒப்பந்தம் முடியும் நாள் என்று எல்லாவற்றையும் குறித்துவைப்பார்கள். பன்னிரண்டு தாளையும் புரட்டினால் ஒரு கம்பெனியின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்.

நாங்கள் கம்பெனிகளுக்கு ஃபோன் இணைப்பு விற்கிறவர்கள். யாருக்கு விற்கலாம் என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வது எனக்கும் யோரிட்டுக்கும் வேலை. அப்படிக் கண்டுபிடித்த பெயருக்கு ‘தகுதியான லீடு’ என்று பெயர். தகுதி என்றால் நான்கு கட்டம்: எத்தனை ஃபோன், யாருடைய இணைப்பு, யார் கையெழுத்து, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. நிர்வாகம் நல்ல விலை கொடுத்துப் பட்டியல்கள் வாங்கித் தரும். அதில் பாதிக் கம்பெனிகள் திவால், மீதியில் பாதி எங்கள் வாடிக்கையாளர்களேதான். யோரிட் அந்தப் பட்டியலை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டை கொடுத்திருக்கிறார். இதுவரை அதனால் கிடைத்த ஒரே பலன் அதுதான்.

முதல் ஃபோனில் அவர் வியாபாரமே பேசமாட்டார். “இன்னைக்கு உங்க முதலாளிக்குப் பிறந்தநாளாச்சே, உங்களுக்கும் வாழ்த்துகள்” என்பார். யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் சுற்றியிருப்பவர்களையும் வாழ்த்துவது எங்கள் வழக்கம் என்பதால் எதிர்முனையில் யாருக்கும் சந்தேகம் வராது. நன்றி சொல்லி, முதலாளியிடமே இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் அலுவலகக் கழிப்பறையிலும் ஒரு நாட்காட்டி உண்டு. மேலாளர் ஃப்ளூருக்கு முப்பத்தொரு வயது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நிரந்தர ஊழியர்களின் பெயரை நீலப் பேனாவில் எழுதுவாள், ஒப்பந்த ஊழியர்களைப் பென்சிலில். “யாரையும் குறைச்சுச் சொல்லல. அழிக்க வசதியா இருக்கும், அவ்வளவுதான்” என்று அவளே விளக்கம் சொன்னாள். ஊரார் நாட்காட்டியையெல்லாம் படித்துக் கரைத்துக் குடித்த யோரிட், மூன்று வருடமாக அக்டோபர் ஒன்பதில் பென்சிலில் இருக்கிறார்.

மூன்று ஓராண்டு ஒப்பந்தம் முடிந்ததும் ஒன்று நிரந்தரம், இல்லையென்றால் வாசல். அவருடைய மூன்றாவது, மார்ச் கடைசியில் முடிய இருந்தது. அதற்குள் முப்பது தகுதியான லீடு தந்தால் பேனா என்று ஃப்ளூர் சொல்லியிருந்தாள். மார்ச் நடுவில் இருபத்தொன்பது.

முப்பதாவதை, ஹார்ம் என்பவர் நடத்தும் படிக்கட்டு செய்கிற பட்டறையில் கண்டெடுத்தார். நாற்பத்து மூன்று ஃபோன். ஜூன் பன்னிரண்டுக்கு நேராக, வட்டமான எழுத்தில், ‘ஃபோன் ஒப்பந்தம் முடிவு’. சைக்கிளை நிறுத்தாமலேயே எனக்கு ஃபோன் செய்தார்.

“மாட்டிக்கிச்சுய்யா. நாலு கட்டமும் ஃபுல்லு. ஃப்ளூரைப் பேனா எடுத்து வைக்கச் சொல்லு.”

விற்பனையாளன் தைஸ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் திரும்பி, எல்லார் காதிலும் விழுகிறாற்போல ஹார்ம் மாதிரியே பேசிக் காட்டினான்.

“‘அது என் பொண்டாட்டி பதினாறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது தம்பி. பிறந்தநாள் காலண்டர்ல வருஷம் ஏது, கிழமை ஏது? ஒண்ணை மாட்டினா சாகுற வரைக்கும் அதேதானே தொங்குது. நான் போன மாசம்தான் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்’னாரு. காபி மட்டும் நல்லா இருந்துச்சு.”

வருடமில்லாத நாட்காட்டிக்கு எதிரே ஐம்பத்து மூன்று வருடமாக உட்கார்ந்து எழுந்தவர் யோரிட். அதைக் கழிப்பறைக்கு வெளியே ஒருவன் சொல்லித்தான் அவருக்கு உறைத்தது.

“லீடு தகுதியில்லைன்னு மாத்திட்டேன்” என்றாள் ஃப்ளூர். “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, யோரிட். ஆனா இருபத்தொம்பதுதானே.” எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. நிரந்தர ஊழியனின் கோபம், வாய்க்கு வெளியே வரவில்லை.

கிளம்புகிறவரே எல்லாருக்கும் கேக் வாங்கித் தருவது எங்கள் ஊர் மரியாதை. கடைசி வெள்ளிக்கிழமை யோரிட் ஆப்பிள் கேக் கொண்டுவந்து, பதினான்கு துண்டாக நூல் பிடித்தாற்போல வெட்டினார். ஃப்ளூர் இரண்டு நிமிடம் பேசினாள். குடும்பம் என்ற சொல் மூன்று தடவை வந்தது. தைஸ் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினான்.

யோரிட் என் மேசைக்கு வந்தார். “உன் பேனாவைக் குடு, நீலம்.” கொடுத்தேன். கழிப்பறைக்குப் போனார். இந்தமுறை எட்டு நிமிடமெல்லாம் ஆகவில்லை. வந்து, மூடியைச் சரியாகத் திருகி, பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தார். கேக் டப்பாவைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

பிறகு நான் உள்ளே போய் அக்டோபர் தாளைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதிக்கு நேராக இருந்த பென்சில் எழுத்தின்மேல், ஒரு கோடும் விலகாமல், நீல மையில் யோரிட் என்று எழுதியிருந்தது.