காருக்கு விழுந்த அடியும் மனிசனுக்கு விழுந்த அடியும்

என்னுடைய மனிசனின் நெற்றி உடைந்த அன்று அவர் முதலில் தேடியது பொலிசை அல்ல, சவர்க்காரத்தை. இதை இன்றைக்குச் சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது.

யுத்தம் முடிந்து, பெற்றோல் பங்கீடு தளர்ந்து, மூடிக் கிடந்த கார்களெல்லாம் மறுபடி கொழும்பின் காலி வீதிக்கு வந்த காலம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை. நாங்கள் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். இவர் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். காலையில் சைக்கிளில் போவார், பின்னேரம் சைக்கிளில் வருவார். மழையோ வெயிலோ, ஹாண்டிலில் குடை தொங்கும். எறும்புக்குக்கூட வழிவிட்டு ஓடுகிற மனிசன் என்று நான் கேலி செய்வதுண்டு.

அன்று பின்னேரம் சைக்கிளை இடக்கையால் உருட்டிக்கொண்டு வந்தார். சேட்டின் முன்பக்கம் முழுக்க இரத்தம். வலது மணிக்கட்டு வீங்கி, தொட்டால் கத்தினார். பம்பலப்பிட்டியில் முன்னால் ஒரு மாட்டு வண்டில் போக, இவர் அதற்குப் பின்னால் மெதுவாகப் போயிருக்கிறார். பின்னுக்கு வந்த காரொன்று விடாமல் ஹோண் அடித்திருக்கிறது. ஒதுங்க இடமில்லை. கார் இவருடைய முழங்காலை உரசிக்கொண்டு முந்திப் போய், சடாரென்று நின்றிருக்கிறது. உள்ளேயிருந்து இறங்கியவன் கையில், காரை ஸ்டார்ட் பண்ணச் சுழற்றுகிற இரும்புக் கைபிடி. முதல் அடியைக் கையால் தடுத்திருக்கிறார். மற்றது நெற்றியில்.

"ஆரவன்? நாசமாப் போவான், ஆரவன்?" என்று நான் கத்தினேன்.

கொள்ளுப்பிட்டியில் பெரிய வீடும் பெரிய தொழிலும் உள்ள ஒருவன் என்று பிறகு தெரிந்தது. அவன் எந்த ஆக்கள், தமிழனா சிங்களவனா என்று இப்போதும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை. காருக்குள் ஏறியிருந்துவிட்டால் எல்லாரும் ஒரே ஆக்கள்தான்.

"வாங்கோ, இப்பவே பொலிசுக்குப் போவம்" என்றேன்.

"இந்தக் கோலத்திலயோ?" என்றார்.

"இந்தக் கோலத்திலதான் போகவேணும்! வேற எந்தக் கோலத்தில போறது?"

"நீர் சும்மா இரும். கவுண்மேந்து உத்தியோகத்தன் சண்டியன் மாதிரி இரத்தத்தோட பொலிஸ் ஸ்டேசன் வாசலை மிதிக்கிறதோ? பாக்கிறவை என்ன நினைப்பினம்?"

நான் கெஞ்சினேன், ஏசினேன், கிணற்றடி வரைக்கும் பின்னால் போய்ச் சண்டை பிடித்தேன். கேட்டால்தானே! ஒற்றைக் கையால் வாளி வாளியாக அள்ளித் தலையில் ஊற்றினார். இரத்தம் பட்ட சேட்டைத் தானே சவர்க்காரம் போட்டுக் கசக்கினார். காயத்தில் பஞ்சு வைத்து, தலைமயிரை அதற்கு மேலே இழுத்து வாரி, வழக்கம்போல் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பிறகு டோபி கஞ்சி போட்டுக் கொடுத்த வெள்ளைக் கோட்டை எடுத்து, வீங்கிய கையைப் பல்லைக் கடித்துக்கொண்டு அதற்குள் நுழைத்தார். கண்டறியாத கோட்டு! கலியாணத்துக்குப் போகிறவர் மாதிரிப் புறப்பட்டார். எங்களுடைய ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். கந்தோர் என்று பெயர் கொண்ட எந்த வாசலுக்கும் குளித்து முழுகித்தான் போவார்கள்.

நானும் கூடப் போனேன். பொலிஸ் ஸ்டேசனில் இருந்த சார்ஜன் கெட்ட மனிசன் அல்ல. கதிரை போட்டு இருத்தினான். இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இந்த மாத்தயாவுக்கா அடி விழுந்தது?" என்று, ஐயாவென்று சிங்களத்தில் மரியாதை கொடுத்துக் கேட்டான்.

கேட்பான்தானே. கார்க்காரன் அங்கே ஏற்கனவே வந்து போய்விட்டான். அடித்த கையோடு நேரே ஸ்டேசனுக்குப் போய், கழுத்துப்பட்டி கோணிக் கிடக்க, மயிர் கலைந்து கிடக்க, காரின் பின் மட்கார்ட்டில் ஒரு நெளிவையும் காட்டி முறைப்பாடு எழுதுவித்திருந்தான். கிளாக்கர் ஒருவன் குடையால் காரை அடித்தான், தன்னையும் அடிக்க ஓங்கினான், அந்த வேகத்தில் தானே சைக்கிளோடு விழுந்தான் என்று கதை. அடித்தவன் அடிபட்டவனைப் போல வந்திருக்கிறான். அடிபட்ட என் மனிசன் கஞ்சி மடிப்புக் கலையாமல் போய் நிற்கிறார். சார்ஜன் எழுதினான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இவருடைய முறைப்பாடு இரண்டாவதாக விழுந்தது. அதுதான் எங்களுக்கு வந்த வினை.

ஆஸ்பத்திரிக்கு மறுநாள்தான் போனோம். எலும்பு வெடித்திருக்கிறது என்று டொக்டர் மாவுக்கட்டுப் போட்டார். அடியாலும் வெடித்திருக்கலாம், விழுந்ததாலும் வெடித்திருக்கலாம் என்று சேட்டிபிக்கற்றில் எழுதினார். பாவம், அவர் தான் கண்டதைத்தானே எழுதலாம். அந்தக் கட்டை அவிழ்க்க முதலே நீதவான் கோட்டிலிருந்து கட்டளை வந்துவிட்டது. குற்றவாளிக் கூட்டில் ஏற வேண்டியவர் என் மனிசன்.

கொட்டாஞ்சேனையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் வயதான பிறக்கிறாசி ஒருவர், வழக்குப் பேசுகிறவர், இருந்தார். கோடு, வழக்கு என்றால் அந்தப் பகுதியில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். அவருடைய முன்னறையில் இருந்து நாங்கள் நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சட்டம் உம்மட பக்கம் இருக்கு தம்பி, பயப்பட வேண்டாம்" என்றார் முதலில். "பொலிஸ் அவனில வழக்குப் போடாட்டிலும் நீர் நேர நீதவானிட்டைப் போய் முறையிடலாம். அதுக்கு நான் எழுதித் தாறன். கையுக்கு நட்டஈடு வேணுமெண்டால் அது வேற கோடு, வருசக்கணக்கா இழுபடும், அதைப் பிறகு பாப்பம். இப்ப பயமெல்லாம் உம்மட பேரில கிடக்கிற வழக்குக்குத்தான். அதில குற்றவாளி எண்டு ஒரு சொல் விழுந்துதெண்டால் உம்மட கந்தோர் உம்மை வெளியில நிப்பாட்டும். பென்சனும் போகும். விளங்குதோ?"

அந்தச் சம்பளத்தை விட்டால் எங்களுக்கு வேறு ஒரு வழியும் இல்லை.

"சரி, உள்ளதைச் சொல்லும். காருக்கு அடிச்சனீரோ?" என்று பிறக்கிறாசி கேட்டார்.

இவர் நிலத்தைப் பார்த்தார். "ஓம். குடைக்காம்பாலை. ஒருக்கா."

நான் வாயைப் பிளந்தேன். எறும்புக்கு வழிவிடுகிற மனிசன்! என்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிசம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்தான்.

"முழங்காலிலை உரசினவுடனை நெஞ்சு அடைச்சுப் போச்சு. என்ன செய்யிறன் எண்டு தெரியாமல் அடிச்சுப் போட்டன்" என்றார்.

"அதை இந்த அறையோட மறந்துவிடும்" என்றார் பிறக்கிறாசி. "அவனுக்கும் சாட்சி இல்லை, உமக்கும் சாட்சி இல்லை. கேட்டால் இல்லையெண்டு ஒரே சொல். நெளிவு எப்பவோ விழுந்ததெண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

சாட்சி இல்லாமல் இல்லை. அடி விழுந்தது பம்பலப்பிட்டியில் ஒரு பலசரக்குக் கடைக்கு நேர் முன்னால். நான் ஒருநாள் தனியே போய் அந்தக் கடை முதலாளியைக் கண்டேன். சோனக முஸ்லிம், வயசாளி. என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்.

"நான் கண்டன்தான் தங்கச்சி, இல்லெண்டு செல்லல்ல" என்றார். "கோட்டுக்கு மட்டும் கூப்புடாதீங்க. அந்தத் தொரேட ஊட்டுக்கும் நம்மட கடையிலேந்துதான் சாமான் போகுது."

எனக்கு வாய் துடித்தது. ஆனால் அவருடைய கண் கலங்கியிருந்தது. அவருக்கும் ஒரு குடும்பம், அவருக்கும் ஒரு அடுப்பு. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

பிறக்கிறாசி எழுதித் தந்த முறையீட்டை நீதவானிடம் போட்டோம்; இரண்டு வழக்குக்கும் ஒரே நாளில் தவணை. அதற்கு முன்னால் மறுபக்கத்து வழக்கறிஞரிடமிருந்து சொல் வந்தது. திறந்த கோட்டில் நீதவானுக்கு முன்னால் கிளாக்கர் மன்னிப்புக் கேட்டால் இரண்டு வழக்கையும் விட்டுவிடலாமாம். அத்தான், அக்கா, கந்தோரில் இவருடைய சிநேகிதர்கள், எல்லாருக்கும் அது நல்லதாகப் பட்டது. "ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு வந்து உம்மட வேலையைப் பாரும்" என்றார் அத்தான்.

"அடி வாங்கினவரே மன்னிப்பும் கேக்கிறது? நல்ல நியாயம்! பிறகு அந்த இரும்புக்கும் எண்ணெய் பூசிக் குடுக்கட்டாம்!" என்று நான் வெடித்தேன். பிறக்கிறாசி சொன்னபடி இல்லையென்று சொல்லிவிட்டுத் தப்புங்கள் என்று இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். இவர் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தார். சோறும் இறங்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு ஏசுகிற வாயும் அடங்கிப் போய்விட்டது.

புதுக்கடைக் கோட்டில் அன்று கூட்டம். பெண்டுகள் அங்கே வருவது குறைவு. என்ன பார்வை பார்த்தாலும் பார்க்கட்டும் என்று பின்வாங்கில் போய் இருந்தேன். கார்க்காரன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தான். இவரைக் கூட்டில் ஏற்றினார்கள். கள்ளனும் கஞ்சாக்காரனும் நின்ற அந்த மரக் கூட்டில், வெள்ளைக் கோட்டோடு என் மனிசன்.

கார்க்காரன் முதலில் சாட்சிக் கூட்டில் ஏறித் தன் கதையைச் சொன்னான். இரும்பை அவன் கண்ணாலும் காணவில்லையாம். பிறகு இரு பக்கமும் சமாதானம் பேசியிருக்கிறது என்று அவனுடைய வழக்கறிஞர் எழும்பிச் சொன்னார். நீதவான் இவரைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிறீரா, அல்லது வழக்கை நடத்துகிறீரா என்று இங்கிலீசில் கேட்டார். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு அந்த அளவு விளங்கும்.

"அதற்கு முதல் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா" என்றார் இவர்.

"சொல்லும். காரை அடித்தீரா?"

பிறக்கிறாசி இருமினார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"அடித்தேன், ஐயா. குடைக்காம்பால், பின் மட்கார்ட்டில், ஒரு தரம். அவருடைய கார் என் முழங்காலை உரசியது. பயத்தில் அடித்துவிட்டேன். அது பிழை. அதற்கு நீங்கள் தருகிற தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன். அவர் இறங்கி வந்து இரும்பால் என் கையை உடைத்தார், நெற்றியை உடைத்தார். அதுவும் எழுதப்பட வேண்டும். காருக்கு விழுந்த அடியும் மனிசனுக்கு விழுந்த அடியும் ஒன்று என்று நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

போச்சு, எல்லாம் போச்சு, தன் வாயாலேயே தன் வேலையைத் தின்றுவிட்டார் இந்த மனிசன் என்று நான் நினைத்தேன். பிறக்கிறாசி நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

நீதவான் நீண்ட நேரம் எழுதினார். பிறகு கார்க்காரனை மறுபடி சாட்சிக் கூட்டில் ஏற்றி, மாவுக்கட்டைக் காட்டி, தாமே கேள்வி கேட்கத் தொடங்கினார். இவர் எந்தப் பக்கமாக விழுந்தார்? இடப்பக்கம் என்றான். இடப்பக்கம் விழுந்தவருக்கு வலது கை உடைந்தது எப்படி? அவன் ஒன்று சொன்னான், பிறகு வேறொன்று சொன்னான். கேட்டுவிட்டு நீதவான் சொன்னது எனக்கு இன்றைக்கும் பாடம். தமக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் உண்மையைச் சொல்கிற ஒருவரை, தமக்கு ஒரு குறையும் இல்லையென்று சொல்கிறவரைவிடத் தாம் நம்புவதாகச் சொன்னார். இவரை எச்சரித்து, குற்றவாளி என்று பதியாமல் விட்டார். இவர் போட்ட வழக்கில் கார்க்காரனுக்கு அபராதம். அந்த அபராதமும் எங்களுக்கில்லை, அரசாங்கத்துக்கு. கைக்கு வேண்டுமென்றால் நட்டஈட்டு வழக்குப் போடலாம் என்று பிறக்கிறாசி பிறகு சொன்னார். இவர் போதும் என்றார்.

"உம்மைப் போல ஒரு விசரனை நான் கண்டதில்லைத் தம்பி" என்று பிறக்கிறாசி இவருடைய முதுகில் தட்டினார்.

வேலை தப்பியது. என் சந்தோசத்தைச் சொல்லி முடியாது. அக்கா வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டுப் போவோம், நடக்கிற தூரம்தானே என்று வெளியே வந்தோம். எங்கே போனாலும் இவர் எனக்கு முன்னால்தான் நடப்பார், திரும்பியும் பார்க்க மாட்டார். எங்களுடைய ஆட்களில் ஆம்பிளைகள் றோட்டில் பெண்சாதியோடு சேர்ந்து நடப்பதில்லை. அன்றும் முன்னால்தான் போனார். றோட்டோரத்தில் போய் நின்றார்.

ஒரு கார் போனது. பிறகு ஒரு லொறி போனது. றோட்டு வெறுமையாகியது. இவர் அசையவில்லை.

"என்னப்பா, போவமே?" என்றேன்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. கஞ்சி போட்ட கோட்டு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தூரத்தில் இன்னொரு கார் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இவர் ஓரடி பின்னுக்கு எடுத்து வைத்தார்.

"கால் வருகுதில்லை" என்றார்.

எங்களைச் சுற்றி வழக்கறிஞர்களும் கிளாக்கர்மாரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால், கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அவர் இடக்கையை நீட்டி என் கையைப் பிடித்தார். நீதவானுக்கு முன்னால் நடுங்காத மனிசன். அவருடைய கை என் கைக்குள் கிடந்து நடுங்கியது.

"விட்டிடாதையும்" என்றார்.