இத்தாவில் வீங்கிய கால்

அன்று என்னால் நம் விசுவாச வாசகமான கலிமாவை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. "லா இலாஹ" என்றதும் நெஞ்சு அடைத்துவிடும். சகோதரிகளே, அந்தப் பயம் யாருக்கும் வேண்டாம். "இறைவன் இல்லை" என்ற இடத்திலேயே, "அல்லாஹ்வைத் தவிர" என்ற மீதியைச் சொல்லுமுன் உயிர் போய்விட்டால் என் கதி என்ன?

யுத்தம் முடிந்த வருடம் அது. கணவர் மௌத்தாகி மூன்றாவது மாதம், மருதமுனை வீட்டில் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். நானோ துக்கத்தில் பாயை விட்டே எழும்பவில்லை. இடது கெண்டைக்கால் வீங்கியது. டொக்டரிடம் போனால் இத்தா முறிந்துவிடும் என்று பேசாமல் இருந்தேன். என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, பாசத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டா.

மறுநாள் மதிய லுஹர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்த சுஜூதிலிருந்து எழும்ப முடியவில்லை. சுனாமி அன்று தண்ணீருக்குள் நான் அகப்பட்டபோது முட்டிய அதே மூச்சு.

"ஆஸ்பத்திரி வேணாம்... இத்தா..." என்றேன்.

"நீ மௌத்தாகி மையத்தான பொறகு எந்த இத்தா கா இரிக்கப்போறா? மருந்துக்குப் போக மார்க்கம் தடுக்கல்ல, எழும்பு!" மதினி என்னை இழுத்து ஓட்டோவில் போட்டா.

டொக்டர் மறைக்காமல் சொன்னார். "கால்ல உறைஞ்ச இரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைச்சிருக்கு. பிரஷர் விழுகுது. கரைக்கிற மருந்து ஏத்தணும். மூளையில இரத்தம் கசியிற ஆபத்தும் இருக்கு. ஏத்தாட்டி அதைவிட ஆபத்து."

மதினி மெல்லக் கேட்டா: "நான் தேய்ச்சதாலயா டொக்டர்?"

"இனித் தேய்க்காதீங்க," என்றார். சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார்.

கையெழுத்து வைத்தேன். ரப்பே, என் இரண்டு பெண்களுக்கும் வாப்பா இல்லை. உம்மாவையும் எடுத்துவிடாதே. எடுப்பதென்றால் மீதிக் கலிமாவையாவது சொல்ல விடு என்று மனதுக்குள் அழுதேன்.

மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது. பல் முரசிலிருந்து இரத்தம் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். வீரமுனைத் தமிழ்த் தாதி ஒருத்தி வாயைத் துடைத்துவிட்டு, "பயப்படாதீங்க அக்கா, மருந்து அப்படித்தான். நாங்க பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம். கதைக்காமப் படுங்க" என்றாள். கதைக்காமல் நான் இருந்த ஒரே நாள் அதுதான்.

பள்ளிவாசலில் பிற்பகல் அஸருக்குப் பாங்கு கேட்டது. உதடு தானாக அசைந்தது. "லா இலாஹ இல்லல்லாஹ்." நடுவில் நிற்கவில்லை. திரும்பவும் சொன்னேன். மதினி ஓவென்று அழுதா. எனக்கோ சிரிப்பு வந்தது. அல்ஹம்துலில்லாஹ், சிரிக்கவும் காற்று இருந்தது!

மிச்ச இத்தாவை வீட்டுக்குள் நடந்து நடந்தே முடித்தேன். இப்போது ஊரில் எந்தப் பெண் இத்தா இருந்தாலும் மதினியும் நானும் போவோம். கட்டிப்பிடிக்க முன்னமே மதினி அதட்டுவா: "காலக் காட்டு கா முதல்ல, பொறகு அழுவம்."

அல்லாஹ்விடம் கேளுங்கள், கைவிடமாட்டான். எனக்கு மூச்சை டொக்டரின் கையால் கொடுத்தான். ஆகவே கேட்டுவிட்டுப் பாயிலேயே கிடக்காதீர்கள், எழும்பிப் போங்கள்.