பெட்டிக்குள் மதினியின் தகரம்

இரண்டு தட்டு, ஒரு மூச்சு இடைவெளி, மூன்று தட்டு. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையின் ஆபீஸ் மேசையில், வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைப் பெட்டியின் பொத்தானை மேலாளர் அழுத்திப் பார்த்தபோது அப்படித்தான் ஒலித்தது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போயிருந்த நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அது என் மதினியின் தட்டு. அதை நிரலாக எழுதியவன் நான். எங்கள் இருவருக்கும் சொல்லாமல் அது கடல் தாண்டிப் போய், விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தது.

மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, அதே ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்க்கிறார். அறைகளை விட்டுத் தள்ளி, வேலிக் கம்பத்தில் ஒரு எண்ணெய்த் தகரம் தொங்கும். வெயில் ஏறி அறை காய்ந்துவிட்டால், மருந்து பற்றிக்கொள்ளும் என்று மரக்கட்டையால் அதைத் தட்டுவார்கள். எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். அறை தணியும்வரை தட்டு ஓயாது. கை வலித்தால் ஆள் மாறுமே தவிர சத்தம் நிற்காது. நின்றால் உள்ளே போகலாம் என்று அர்த்தம். மதினி தட்டுவதில் மட்டும் ஒரு தாளம் இருக்கும். அது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டபோது, "சும்மா தட்டுனா எவ கேக்கா? இருக்கன்குடிக் கோயில் கொட்டு மாதிரி இருந்தாத்தான் காது நிமிரும்" என்றார்.

விருதுநகரில் படித்த கடைசி வருடம், வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் அளந்து அலாரம் அடிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். ஒலிக்கு மதினியின் தாளத்தையே வைத்தேன். கட்டற்ற மென்பொருளாக இணையத்தில் போட்டேன். உரிமம் சொல்வது இவ்வளவுதான்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் விற்றால், மாற்றிய மூலநிரலை வாங்கியவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

அதனால் மேசையில் அந்தச் சத்தம் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. ஒரு வாரம் அந்தப் பெருமையிலேயே திரிந்தேன். மதினி வந்து அதை உடைத்தார்.

"உங்க பெட்டி நல்லா ஏமாத்துது கொழுந்தனாரே."

அன்று மதியம், புதிதாக மாட்டிய பெட்டி அடித்திருக்கிறது. எல்லோரும் வெளியே வந்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் சத்தம் நின்றதும் உள்ளே போயிருக்கிறார்கள். "உள்ள போனா அனலு மூஞ்சில அடிக்கி. எல்லாத்தையும் வெரட்டி வெளிய தள்ளிட்டு, ஓடிப்போயித் தகரத்தத் தட்டுனேன். சத்தம் நின்னா போகலாம்னுதான எங்களுக்குத் தெரியும்?" அந்த அறையில் மதினியோடு நான்கு பேர் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேலாளரிடம் கேட்டு ஒரு பெட்டியைத் திறந்தேன். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி என் நிரலை மாற்றியிருந்தது. பத்து விநாடி அடித்ததும் பெட்டி அடங்கிவிடும். மிச்ச எச்சரிக்கை கைபேசிக்குப் போகும். பட்டாசு ஆலையில் கைபேசி வாசல் காவலரோடு நின்றுவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியாததில் தப்பில்லை. மாற்றியதைத் தந்திருந்தால் நானே ஒரு பொழுதில் சரிசெய்திருப்பேன். அது இல்லாமல் என் பழைய நிரல் அந்தப் பெட்டியில் ஓடாது. மூடி வைத்ததுதான் தப்பு.

ரசீது, படங்கள், பெட்டியிலிருந்து எடுத்ததையும் என்னுடையதையும் அருகருகே வைத்த தாள்கள் எல்லாம் சேர்த்துக் கம்பெனிக்கு எழுதினேன். எங்கள் பொருளை விரும்பியதற்கு நன்றி என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்கு ஒருவர் போனில் பேசினார்: பேச்சை இதோடு விட்டால் பத்துப் பெட்டி இலவசம். மதினியிடம் சொன்னேன்.

"ஊமப் பெட்டி ஒண்ணு பத்தாதுன்னு இன்னும் பத்தா? அவுக வீட்டு அடுப்படில மாட்டிக்கிடச் சொல்லுங்க!"

எங்கள் ஆலையில் பெட்டியை அணைத்துவிட்டுத் தகரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் இந்தச் சீசனுக்குப் பக்கத்து ஆலைகளும் அதே பெட்டிக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன. அங்கே தகரத்தைக் கழற்றிவிட்டார்களோ என்னவோ. அதுதான் என்னை உட்கார விடவில்லை. வழக்குப் போட நான் கடல் தாண்ட வேண்டியதில்லை, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இங்கே இறக்குமதி செய்து விற்பவரையும் சேர்க்கலாம் என்றார் சாத்தூர் வக்கீல்.

நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறோம். நஷ்டஈடு கேட்கவில்லை, மூலநிரலைத்தான் கேட்கிறோம். மதினி லீவு சொல்லிவிட்டார். அடிவாங்கி ஓட்டை விழுந்ததால் ஆலையில் கழற்றிப் போட்ட பழைய தகரத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"கோர்ட்டுக்குள்ள தட்ட விடுவாகளா?"

"வக்கீல் வேண்டாம்னுட்டாரு மதினி."

"அப்ப வாசல்ல நின்னு தட்டுதேன். ஜட்ஜய்யா வெளிய வருவாருல்ல?"

இப்போது என் பைக்குள் வெள்ளைப் பெட்டியும் தகரமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன. மூலநிரல் கைக்கு வந்ததும் முதலில் அழிக்கப் போவது, பத்து விநாடி என்று சொல்லும் அந்த ஒரு வரியை. பிறகு பெட்டியை வேலிக் கம்பத்தில் மாட்டி ஒலிக்க விடுவேன். இரண்டு தட்டு, ஒரு மூச்சு, மூன்று தட்டு. போதும், உள்ளே போகலாம் என்று மதினி சொல்லும்வரை அது நிற்கக் கூடாது.